மேசை மேல் மஞ்சள் லைன்

*எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மெண்ட் ஒன்றில், கொலுப் படிகளுக்குப் பக்கத்தில் ஓடியது ஒரு பிளாஸ்டிக் ரயில். அதை ஓடவைக்க நாலு பேர் எதிலெல்லாம் ஒத்துப்போக வேண்டியிருந்தது?*

எஞ்சின் போய்விட்டது. முதல் மூன்று பெட்டிகளும் போய்விட்டன. நான்காவது பெட்டி மட்டும் இரண்டு மேசைகள் சேரும் இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளி, சாய்ந்து, பின்னால் வந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு படுத்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகளுக்கு ஏக குஷி. “அங்கிள், ஆக்சிடெண்ட்!” என்று ஒரு குரல். அதற்குள் இன்னொன்று, “மறுபடியும் பண்ணுங்க அங்கிள்!”

போன நவராத்திரி. எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் கிளப் ஹவுஸ். ஒரு மூலையில் பெண்கள் வைத்த கொலு. அதை ஒட்டி, டேபிள் டென்னிஸ் மேசையோடு இரண்டு மடக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு நாங்கள் நாலு பேர் கட்டிய லெகோ ரயில். நாலு பேர் என்றால் ஓசூரிலிருந்து வரும் ஒருவர், சேலத்துக்காரர் ஒருவர், பக்கத்து பிளாக் கன்னடக்காரர், கட்டுரை எழுத வந்து கட்டை பொறுக்கும் வேலையில் மாட்டிக்கொண்ட நான். பெரிய பெயர் கொண்ட கிளப் எல்லாம் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான்.

மேசைக்கால் அடியில் விசிட்டிங் கார்டை மடித்து வைத்துப் பார்த்தோம். பலனில்லை. அப்புறம்தான் கண்டுபிடித்தோம். சேலத்துக்காரர் தன் பகுதி முழுவதும் பச்சைத் தட்டைக் கட்டைகளைப் பரப்பி, அதன் மேல் தண்டவாளம் போட்டிருந்தார். ஓசூர்க்காரர் மேசை மேலேயே போட்டிருந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு தட்டைக் கட்டையின் உயரம், அதாவது 3.2 மில்லிமீட்டர். வீட்டில் இரண்டு ரயில்களும் மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியவை.

வீட்டுத் தரையில் ஓடும்வரை அது பொம்மை ரயில். ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுவந்து ஊர் பார்க்கச் சேர்க்கும்போது ரயில்வே ஆகிவிடுகிறது. ரயில்வேக்குரிய தலைவலிகள் எல்லாம் வந்துவிடுகின்றன. அந்த 3.2 மில்லிமீட்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பால்கனியில் மெட்ரோ, தரையில் தண்டவாளம்

பெங்களூரில் லேஅவுட் என்றால் வீட்டுமனை. பி.டி.எம். லேஅவுட், எச்.எஸ்.ஆர். லேஅவுட் என்று ஊரே லேஅவுட்டுகளால் ஆனது. ரயில் கட்டுகிறவர்களும் தங்கள் மேசையை லேஅவுட் என்றுதான் சொல்வார்கள். “வாரக் கடைசியில் லேஅவுட் வேலை இருக்கு” என்று ஓசூர் நண்பர் ஆபீஸில் சொல்லி, மனை வாங்கிவிட்டார் என்று பார்ட்டி கேட்டுவிட்டார்களாம்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ரயிலுக்கும் நீண்ட காலம் ஒட்டுறவு இல்லை. கியோனிக்ஸ் நிறுவனத்தின் ஆர்.கே. பாளிகா கண்ட கனவு இது. கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூரு கிராமங்களின் 332 ஏக்கரில் 1978-ல் தொடங்கிய ஊர், பஸ்ஸையும் காரையும் நம்பியே வளர்ந்தது. 2010-ல் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மேம்பாலச் சாலை வந்தது. சேலம் பாதையில் இருக்கும் ஹீலலிகே ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்தும், அது இங்கே பலருக்குத் தெரியாது. ஓசூர், தர்மபுரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எல்லாம் மாறியது 2025 ஆகஸ்ட் 10 அன்று. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன்களோடு மெட்ரோவின் மஞ்சள் லைன் திறந்தது. ஆரம்பத்தில் மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. பெரியவர்கள் ‘இவ்வளவு நேரம் நிற்பதா’ என்று அலுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு அது வேறு மாதிரி. ஆறாவது மாடி பால்கனியில் நின்று, இதோ வருகிறது அதோ வருகிறது என்று காத்திருக்க ஒரு பொருள் கிடைத்தது. அந்த மாதம்தான் எங்கள் குரூப்பில் மெட்ரோ கட்டலாமா என்ற பேச்சு கிளம்பியது.

கணக்குப் போட்டோம். லெகோ தண்டவாளத்தின் இரண்டு தண்டுகளுக்கு இடையே 37.5 மி.மீ. மெட்ரோவின் பாதை அகலம் 1,435 மி.மீ. வகுத்தால் 38-ல் ஒரு பங்கு. அந்த அளவில் மஞ்சள் லைன் முழுவதையும் கட்ட 500 மீட்டர் வேண்டும். 12.8 செ.மீ. நீளமுள்ள நேர்த் தண்டவாளங்கள் ஒரு வழிக்கு மட்டும் சுமார் 3,900. எங்கள் நாலு பேரிடமும் சேர்த்து நூற்றுச் சொச்சம் தேறியது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு வரை போவதற்கே வழியில்லை. அது நிஜ ஊரிலும் வழக்கம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

---
பெட்டிச் செய்தி: அறுபது ஆண்டு ஓட்டம்

1932: டென்மார்க்கின் பில்லுண்ட் கிராமத்தில் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் மரப் பொம்மை செய்யத் தொடங்குகிறார். லெகோவின் பிறப்பு.

1958: இன்றைய கட்டைக்கு, மேலே குமிழும் உள்ளே குழலுமாக, காப்புரிமை விண்ணப்பம். அந்தக் காலத்துக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும்.

1966: பேட்டரியில் ஓடும் முதல் ரயில். நீலத் தண்டவாளம், 4.5 வோல்ட்.

1969: வீட்டு மின்சாரத்தில் இயங்கும் 12 வோல்ட் ரயில்.

1991: தண்டவாளத்திலேயே மின்சாரம் பாயும் 9 வோல்ட் ரயில். 2007 வாக்கில் நிறுத்தப்பட்டது. இன்றும் பழைய ஆட்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

2018: ப்ளூடூத்தில் இயங்கும் இன்றைய முறை. ரயிலுக்குள்ளேயே ஆறு சிறிய பேட்டரிகள்.
---

எழும்பூரா, சென்ட்ரலா?

பழைய மீட்டர் கேஜ் காலம் நினைவிருக்கிறவர்களுக்கு எங்கள் சிக்கல் சட்டென்று புரியும். தெற்கேயிருந்து எழும்பூர் வந்திறங்கி, மூட்டை முடிச்சோடு ஆட்டோ பிடித்து சென்ட்ரல் போய், அங்கே பிராட் கேஜ் ரயில் ஏறிய தலைமுறை அது. இரண்டும் நல்ல ரயில்வேதான். ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது, அவ்வளவே. அதைச் சரிசெய்ய இந்தியா 1992-ல் ஒரே அகலத் திட்டத்தை எடுத்து, பல பத்தாண்டுகளாகத் தண்டவாளங்களைப் பெயர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.

லெகோ ரயில் கிளப்புகளும் இதையே மேசை மேல் சந்தித்தன. அமெரிக்காவின் மின்னசோட்டா பக்கம் 1990-களில் கிரேட்டர் மிட்வெஸ்ட் லெகோ டிரெயின் கிளப் போன்றவை தோன்றின. ஆளுக்கொரு மேசை அளவு கட்டி, கண்காட்சியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு கிளப்பின் மேசை இன்னொரு கிளப்பின் மேசையோடு சேரவேண்டிய நாள் வந்தபோது பொது விதி தேவைப்பட்டது. பல நாட்டு ரயில் கிளப்புகளுக்குப் பொதுவான அமைப்பு ஒன்றும் உருவாயிற்று. தண்டவாளம் ஓரத்திலிருந்து எத்தனை குமிழ் உள்ளே வரவேண்டும், அடித்தளம் எவ்வளவு உயரம், இரட்டைப் பாதைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, மேசை தரையிலிருந்து எவ்வளவு மேலே என்று எழுதிவைத்தார்கள். படித்தால் தூக்கம் வரும் காகிதம்தான். ஆனால் இருநூறு மைல் தள்ளி வசிக்கும் முன்பின் அறியாத இருவர் காலை எட்டு மணிக்கு ஹாலுக்கு வந்து, பத்து மணிக்கு ரயில் விடுவது அந்தக் காகிதத்தால்தான் முடிகிறது.

எங்களிடம் அந்தக் காகிதம் இல்லை. ‘பார்த்துக்கலாம்’ என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. ஊருக்கெல்லாம் சாஃப்ட்வேர் தரக்கட்டுப்பாடு செய்கிற மூன்று பேரும், தங்கள் வீட்டுக் கட்டைக்கு ஒரு வரி விதி எழுதவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். (நான் பத்திரிகைக்காரன், எனக்கு விலக்கு உண்டு.)

பக்கத்துக் கொலுவைப் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. படிகள் ஒற்றைப்படையில் இருக்கவேண்டும். மரப்பாச்சிக்கு இந்த இடம், கலசத்துக்கு அந்த இடம், செட்டியாருக்குக் கடையோடு கீழே ஓரிடம். ஆறு வீடுகளிலிருந்து வந்த பொம்மைகள், ஒரு பொம்மையும் முறைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தன. எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் தலைமுறைகளாக வரும் தர அளவு அது. கீழே மண் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவிட்டு ஒரு பூங்கா. அதைச் சுற்றிச் சாவி கொடுத்தால் ஓடும் ரயில். கண்காட்சி ரயில் நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால், எந்த மாமியிடமாவது அனுப்பிவையுங்கள்.

நம் ரயில் ஏன் இத்தனை அடம்பிடிக்கிறது?

கடையில் விற்கும் லெகோ ரயில்கள் எல்லாம் வெளிநாட்டு முகம் கொண்டவை. சுவிட்சர்லாந்தின் ‘முதலை’ எஞ்சின் 2020-ல் வந்தது. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் 2023-ல் வந்தது. நம் பெரம்பூர் நீலப் பெட்டியோ வந்தே பாரத்தோ வேண்டுமென்றால் நாமே வடிவமைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கட்டை கட்டையாக அடுக்கிப் பார்க்க இலவச மென்பொருள் இருக்கிறது. பகலில் ஆபீஸில் முப்பரிமாண வரைபடம் போடும் கை, இரவில் கழிவறை ஜன்னல் உட்பட இரண்டாம் வகுப்புப் பெட்டி போடும் ஊர் எலெக்ட்ரானிக் சிட்டி.

இங்கே ஓர் இன்ப அதிர்ச்சி. இந்திய பிராட் கேஜ் 1,676 மி.மீ. உலகின் பெரும்பான்மைப் பாதைகளைவிட அகலம். அதை லெகோ தண்டவாளத்தின் 37.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 44.7 வருகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் அகலம் 3,245 மி.மீ.; குறுக்கினால் 73 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒரு குமிழுக்கு 8 மி.மீ. வீதம் கிட்டத்தட்ட மிகச் சரியாக ஒன்பது குமிழ். ஐரோப்பிய ரயில் கட்டுகிறவர்களுக்குப் பெட்டி இன்னும் அகலமாக வந்து தொல்லை கொடுக்கும். நமக்கு அளவாக உட்காருகிறது.

அதிர்ச்சியில் இன்பம் அதோடு முடிந்தது. ஒன்பது ஒற்றைப்படை. சக்கரம் பொருத்தும் அடிக்கட்டை இரட்டைப்படை. நடுக்கோடு அரைக் குமிழ் தள்ளி விழும்; அதைச் சமாளிக்க நடுவில் ஒற்றைக் குமிழ் கொண்ட தனிக் கட்டைகள் வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்கும். பலர் சலித்துப்போய் எட்டுக் குமிழுக்கு இறங்கிவிடுகிறார்கள்.

நீளம் அதைவிட மோசம். சிவப்பு எல்.எச்.பி. பெட்டி மேசையில் அரை மீட்டரைத் தாண்டுகிறது. எஞ்சினோடு 22 பெட்டி கோத்தால் 12 மீட்டர். எங்கள் கிளப் ஹவுஸைவிட நீளம். வளைவோ இன்னும் கொடுமை. லெகோவின் சாதாரண வளைவுத் துண்டு 16 சேர்ந்தால் ஒரு வட்டம். அதன் ஆரம் 32 செ.மீ. நிஜ அளவுக்குப் பெருக்கினால் 14 மீட்டர். ஒரு தெருமுனையில் ராஜ்தானி எக்ஸ்பிரஸைத் திருப்புவது மாதிரி! இந்திய பிராட் கேஜில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவுக்கே 175 மீட்டர் ஆரம். அதை மேசைக்குக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட 4 மீட்டர் ஆரம், 8 மீட்டர் விட்டம். ஆகவே மேசையில் நம் பெட்டி திரும்பும்போது நடுவயிறு உள்ளே போய், இரண்டு முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்துப் பாதையில் வரும் ரயிலின் கன்னத்தில் அறைகிறது. சேலத்துக்காரர் ஆசையாக நட்ட சிக்னல் கம்பம் இரண்டு முறை விழுந்தது இப்படித்தான்.

எஞ்சினிலும் வம்பு உண்டு. நாம் அன்றாடம் பார்க்கும் டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினுக்கு ஒரு போகிக்கு மூன்று அச்சு. இந்தச் சின்ன வளைவில் நடு அச்சு அடங்காது. பக்கவாட்டில் நகரும்படி செய்தாக வேண்டும். டபிள்யூ.ஏ.பி.-5-க்கு இரண்டே அச்சு, சமர்த்தாகத் திரும்பும். நிஜப் பாதையில் எதற்கு எவ்வளவு மவுசு இருந்தாலும் எங்கள் மேசையில் ஐந்துக்குத்தான் ஓட்டு.

---
பெட்டிச் செய்தி: ஊட்டி மலை ரயிலை மேசையில் ஏற்றலாமா?

மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதை 46 கி.மீ. குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் திறந்தது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் கடினமான ஏற்றம் 12.5 அடிக்கு ஓர் அடி. நடுவே பல் தண்டவாளம் இருப்பதால்தான் எஞ்சினால் அங்கே ஏற முடிகிறது.

மேசைக் கணக்கு: 128 மி.மீ. தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுக் கட்டை (9.6 மி.மீ.) உயர்த்தினால், ஏற்றம் 13.3-க்கு ஒன்று. கிட்டத்தட்ட குன்னூர் ஏற்றம்தான்! பல் இல்லாத பிளாஸ்டிக் சக்கரம் நாலு பெட்டியோடு அங்கே நின்று சுழலும். ஒரு தட்டைக் கட்டை (3.2 மி.மீ.) வீதம் உயர்த்தினால் 40-க்கு ஒன்று, அமைதியாக ஏறும்.
---

சுங்கவரியும் சன்னபட்டணாவும்

அங்கே நின்ற பிள்ளைகள் கேட்டது ‘எப்படி ஓடுது’. பெற்றோர் கேட்டது ‘எவ்வளவு ஆச்சு’. நாங்கள் நாலு பேரும் அந்தக் கேள்விக்குச் சிரித்தே சமாளித்தோம். பதில் எங்கள் வீட்டுக்குத் தெரியவேண்டாம் என்பது ஒரு காரணம்.

இந்தியாவில் பொம்மை இறக்குமதி வரி 2020 பிப்ரவரி வரை 20 சதவீதம். அந்த மாத பட்ஜெட்டில் அது ஒரே தாவாக 60 ஆயிற்று, 2023-ல் 70. கூடவே 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது என்ற விதி. உள்ளூர் உற்பத்தியை வளர்க்கவும் தரமற்ற சரக்கைத் தடுக்கவும் என்றது அரசு. அதில் நியாயம் இருக்கிறது. மலிவுப் பெயின்ட் பூசிய பொம்மையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அந்த முத்திரை முக்கியம்.

அதன் விளைவு எங்கள் மேசையில் வேறு உருவத்தில் தெரிகிறது. ஒரு பெட்டி கட்ட நூறு விதக் கட்டை வேண்டும். அதில் எட்டு விதம் இங்கே கிடைக்காது. உதிரிக் கட்டைகளை உலக முழுவதும் தனியார் விற்கும் இணையச் சந்தை இருக்கிறது. 2000-ல் ஒரு ரசிகர் தொடங்கியது. 2019-ல் லெகோவே வாங்கிவிட்டது. ஆனால் அஞ்சல் கூலியும் வரியும் சேரும்போது கைக்கடக்கமான எட்டுக் கட்டைகள் எட்டாத கட்டைகளாகிவிடும். வெளிநாட்டு வேலையாகப் போகிற நண்பர்களின் பெட்டிதான் எங்கள் துறைமுகம். ஊறுகாயும் பருப்புப் பொடியும் போன வழியில், திரும்பும்போது ஜன்னல் கட்டைகள் வருகின்றன.

மறுபக்கம், மாற்று நிறுவனக் கட்டைகள். லெகோவின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகிப் பல காலம் ஆயிற்று. கட்டையின் வடிவத்தையே வணிக முத்திரையாகக் காத்துக்கொள்ள அது நடத்திய வழக்குகளிலும், கனடா உச்ச நீதிமன்றம் 2005-லும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-லும் கைவிரித்துவிட்டன. பொருந்தும் கட்டையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வெளிநாட்டுக் கிளப்புகள் பலவற்றில் மாற்றுக் கட்டைக்கு மேசையில் இடமில்லை. எங்கள் குரூப்பில் இதுதான் பெரிய சண்டை. கன்னட நண்பர் அசல் கட்சி: பிடிப்பு தளர்ந்தால் எட்டு மணி நேர ஓட்டத்தில் பெட்டி கழன்றுவிடும் என்பார். ஓசூர்க்காரர், மலையும் மரமும் ஓடவா போகிறது, அதற்கு எதற்கு அசல் என்பார். என் ஓட்டு ஓசூருக்கே. சக்கரமும் தண்டவாளமும் அசலாக இருக்கட்டும். கல்லுக்கும் மண்ணுக்கும் பத்திரம் பார்க்க வேண்டியதில்லை. எழுபது சதவீத வரி உள்ள ஊரில் அசல் மட்டும் என்று விதி வைத்தால், மேசை பணக்காரர் மேசையாகச் சுருங்கிவிடும்.

இதற்குள் இன்னொரு வழியும் திறந்தது. பெங்களூரிலிருந்து மைசூர் பாதையில் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணா. அரக்குச் சாயம் ஏற்றிய மரப் பொம்மைகளின் ஊர். புவிசார் குறியீடு பெற்றது. பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீட்டுப் பொம்மைகளுக்கும் அந்தத் தர முத்திரை விதியிலிருந்து விலக்கு உண்டு. அங்கே வாங்கிய கட்டைவிரல் உயர மனிதர்களைத்தான் எங்கள் பிளாட்பாரத்தில் நிறுத்தினோம். லெகோ மனிதர்களைவிடக் கொஞ்சம் குண்டு. மெட்ரோ நெரிசலுக்குப் பொருத்தம். மரப் பொம்மைத் தச்சரிடம் தொடங்கிய நிறுவனத்தின் ரயிலுக்காக மரப் பொம்மைகள் காத்து நின்றன.

மேசைக்கு இந்தப் பக்கம்

புணேயின் கோத்ரூடில் ஜோஷி குட்டி ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பாவு ஜோஷி என்கிற பி.எஸ். ஜோஷியின் வாழ்நாள் உழைப்பு. 1998 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்தது. அது லெகோ அல்ல, நுணுக்கமான மாடல் ரயில். விளக்கணைத்து, ஒலி கூட்டி, ஒரு நாடகம் போல நடத்துவார்கள். எல்லாம் நிலையாகப் பொருத்தப்பட்டது. மறுநாளும் அங்கேயே இருக்கும்.

கிளப் கண்காட்சி அப்படியல்ல. இரண்டு நாள் ஓட்டத்துக்கு ஒரு நாள் கட்டல், அரை நாள் பிரித்தல். நடுவில் நாங்கள் செய்த வேலையில் ரயில் ஓட்டுவது ரொம்பக் குறைவு. பேட்டரி மாற்றினோம். சக்கர அச்சில் சுற்றிய தலைமுடியை இடுக்கியால் எடுத்தோம். மல்லிகைப்பூ இதழ் ஒன்று தண்டவாளத்தில் விழுந்து எக்ஸ்பிரஸை நிறுத்தியது. கொலு பார்க்க வந்த யாரோ ஒருவரின் பின்னலிலிருந்து. இரண்டு ரிமோட்டுகளும் ஒரே நிற அலைவரிசையில் இருந்ததால், ஒருவர் சரக்கு ரயிலை நிறுத்தப்போய் பயணிகள் ரயில் நின்றது. சாயங்காலம் மின்வெட்டு. கொலு விளக்குகள் அணைந்தன, ஃபேன் நின்றது, ஜெனரேட்டர் உறுமிக் கிளம்பும்வரை இருட்டில் ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மெட்ரோ 750 வோல்ட்டை மூன்றாம் தண்டவாளத்திலிருந்து உறிஞ்சுகிறது. எங்கள் வண்டிக்கு வயிற்றிலேயே பேட்டரி. அந்த அரை நிமிடம் ஹாலில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சின்ன முன்விளக்கையே பார்த்தார்கள். நாங்கள் திட்டமிட்ட எந்த வேடிக்கையும் அந்த அளவுக்கு எடுபடவில்லை.

கயிறு எங்கே கட்டுவது என்பதும் பெரிய விஷயம். டேபிள் டென்னிஸ் மேசை 76 செ.மீ. உயரம். சின்னக் குழந்தைக்குக் கண்மட்டம், ஆகவே கைமட்டமும். கயிற்றை ஒரு கை நீளம் தள்ளிக் கட்டினோம். அதில் பின்வரிசைத் தாத்தாக்கள் பாடு திண்டாட்டமானது. அவர்களில் ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். முதல் நாள் முழுக்கப் பேசாமல் பார்த்துவிட்டு, இரண்டாம் நாள் காலை ஒரு ஸ்கேலோடு வந்தார். இணைப்பில் குனிந்து அளந்தார். “தம்பி, இந்தப் பக்கம் பூரா ஒரு பட்டை கொடுத்துத் தூக்கிடுங்க. ஒரு இடத்துல தூக்குனா அடுத்த இடத்துல இடிக்கும்” என்றார். நாங்கள் முந்தின நாள் அந்த ஓர் இடத்தில் மட்டும் அட்டை சொருகியிருந்தோம். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

ஓசூர்க்காரரின் பகுதி முழுவதும் பிரித்து, அடியில் தட்டைக் கட்டை கொடுத்தோம். போதாத இடத்துக்கு மாற்றுக் கட்டை. அசல் கட்சி வாய் திறக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு பெட்டியும் தடம் புரளவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் சுவாரசியம் குறைந்து, சுண்டல் பக்கம் போய்விட்டார்கள்.

அன்றிரவே குரூப்பில் ஒரு காகிதம் உருவாயிற்று. அடித்தளம் ஒரு தட்டை உயரம். தண்டவாளம் ஓரத்திலிருந்து எட்டுக் குமிழ் உள்ளே. சிக்னல் கம்பம் வளைவிலிருந்து ஆறு குமிழ் தள்ளி. மாற்றுக் கட்டை தண்டவாளத்துக்குக் கீழே மட்டும். மொத்தம் பதினொரு வரி. எழுதியவர் ஓசூர்க்காரர், திருத்தியவர் அந்தப் பெரியவர். இப்போது அவரும் குரூப்பில் இருக்கிறார்.

விஜயதசமி ராத்திரி. கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்தார்கள், வழக்கம்போல. எங்களுக்கு மறுநாள்தான் பிரித்தெடுக்கும் வேலை. கன்னட நண்பர் போகிற போக்கில் எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து, பிளாட்பாரத்தின் மேல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். கயிற்றடியில் நின்ற சிறுமி ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், மறுபடியும் ஆக்சிடெண்டா?”

“இல்லைம்மா, தூங்குது.”

அவள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பிளாட்பாரத்தில் நின்ற சன்னபட்டணா மனிதர்களையும் ஒவ்வொருவராகப் படுக்கவைக்கத் தொடங்கினாள்.